பிள்ளை வார்டுக்கு வந்த பால்சுறாக்கள்

பிள்ளை பிறந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவாத ஆள் யார் என்று கேட்டால், பிள்ளையின் தகப்பன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வாங்குப் பலகையில் சும்மா குந்தியிருந்து பேப்பர் வாசிக்கிற தகப்பனால் யாருக்கும் தீங்கு வராது. ஆனால், "நான் ஏதாவது செய்யவேணும்" என்று எழும்பி வெளிக்கிடுகிறான் பாருங்கள், அவனைத்தான் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். என்னைக் கட்டிப்போட அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை.

அது எழுபதுகளின் தொடக்கம். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக், தாஸ் என்று கூப்பிடுவார்கள். கப்பலில் ஏறுகிற தேயிலைப் பெட்டிகளையும் கப்பலிலிருந்து இறங்குகிற கோதுமை மா மூட்டைகளையும் எண்ணுவது என் வேலை. (நான் எண்ணியதை இன்னொருவர் திரும்ப எண்ணுவார். நான் இல்லாவிட்டாலும் கப்பல் போயிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.) முழுக்கால் வெள்ளைக் களிசான், பொக்கற்றில் பேனை, தலை நிறைய எண்ணெய். ஒரு சங்கதி நடக்கவேண்டுமென்றால் அதை நான் நாலு பேரிடம் சொன்னால்தான் நடக்கும் என்பது என் கொள்கை. சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்றும் என் வாழ்க்கையில் இல்லை.

என் மனுசி பிலோமினா அதற்கு நேர்மாறு. பாலையூற்றுக் கோவிலில் பூசைக்குப் போனால் செபமாலை உருட்டுகிற சத்தம்கூட வெளியில் கேட்காது. கலியாணம் கட்டி ஆறேழு மாதம் வரைக்கும் அவளுக்கு மாங்காய் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாது. நானும் கிழமைக்கு ஒருதரம் மாங்காய் வாங்கிக்கொண்டு வருவேன், அவளும் பேசாமல் சாப்பிட்டுவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளை.

எங்கள் மூத்தவள் ஸ்டெல்லா ஆசுபத்திரியில் ஒரு விடியற்காலையில் பிறந்தாள். சுகப்பிரசவம். பிரச்சினை அடுத்த நாள் தொடங்கியது.

மத்தியானம் ஆட்களைப் பார்க்க விடுகிற நேரம் நான் போனபோது, என் மாமி, அதாவது பிலோமினாவின் தாய், கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு செத்தவீட்டில் இருக்கிறவர் மாதிரி இருந்தார்.

"தம்பி, பிள்ளைக்குப் பால் இல்லை" என்றார்.

"வருகுது அம்மா" என்றாள் பிலோமினா, மெல்லமாக.

"எங்க வருகுது? மஞ்சளாய் ரெண்டு சொட்டு. அது பழம்பால். அதைப் பிழிஞ்சு ஊத்தடி எண்டு சொன்னால் இஞ்ச விடுகினமில்லை."

விடாதவர் அந்த வார்டின் பெரிய மிஸ்ஸி. (தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்போம்.) நல்ல உயரம், நல்ல கறுப்பு, நடந்து வந்தால் கடைசித் தொங்கலில் கிடக்கிற கட்டிலும் நடுங்கும். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பிறந்த பிள்ளையின் வாயில் படக்கூடாது என்பது அவருடைய சட்டம். சீனித்தண்ணீர் இல்லை, தேன் இல்லை, மல்லித்தண்ணீர் இல்லை. பார்க்க வருகிற கிழவிமாரின் பைகளை வாசலில் வைத்துச் சோதிப்பார். துறைமுகத்துச் சுங்கக்காரர் அவரிடம் வந்து வேலை பழகியிருக்கலாம்.

"அதுதான் பால்" என்று மிஸ்ஸி எனக்கும் சொன்னார். "முதல் முதல் அப்பிடித்தான் மஞ்சளாய், தடிப்பாய், கொஞ்சமாய் வரும். உங்கட பிள்ளையின்ர வயிறு எவ்வளவு பெரிசு எண்டு நினைக்கிறியள்? அதுக்கு இப்ப இவ்வளவு காணும். பிள்ளை சூப்பச் சூப்பப் பால் ஊறும். தாயை நிம்மதியாய் இருக்க விட்டால் சரி."

நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் மாமியும் தலையை ஆட்டினார், ஆனால் அது வேறு ஆட்டல். மிஸ்ஸி அங்காலே போனதும் என்னுடைய காதுக்குள், "என்னட்ட ரின் இருக்கு" என்றார்.

அந்த ரின்னைப் பற்றிச் சொல்லவேண்டும். காலைச் சாப்பாட்டுப் பாணுக்கே வரிசையில் நின்ற காலம் அது. பால்மா அடைத்த தகர ரின் என்பது கண்ணால் காண முடியாத சாமான். மாமி அதை ஒரு கப்பல் சமையற்காரரின் சொந்தக்காரர் மூலமாக எப்படியோ எடுத்து, பிலோமினாவுக்கு நாலு மாதமாக இருக்கும்போதே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ரின்னின் மேல் கொழுத்த வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மாமி அதைத் திறந்து காட்டமாட்டார், ஆனால் கட்டாயம் எடுத்துக் காட்டுவார். அப்படி வைத்திருந்த ரின்னுக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. விடுவாரா?

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பால் வராட்டி நான் ரின்னோட வருவன். மிஸ்ஸியோ, ஆரோ, பாப்பம்" என்றார்.

மாமி முகம் கழுவப் போன நேரம் பார்த்து பிலோமினா என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ. எனக்கு ரின் வேண்டாம். நான் குடுப்பன். அம்மா இருந்து பால் இல்லை, பால் இல்லை எண்டு சொல்லச் சொல்ல எனக்குப் பதறுது. நாளைக்கு ஒருநாள் அவவைப் பிடிச்சு வீட்டில வையுங்கோ. நீங்கள் வந்து பேசாமல் எனக்குப் பக்கத்தில இருங்கோ. வேற ஒண்டும் செய்யவேண்டாம்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது. மாமியை மறி, பேசாமல் இரு. இரண்டே வேலை. இரண்டுக்கும் படிப்புத் தேவையில்லை.

"ஓம், நீ ஒண்டுக்கும் யோசியாதை" என்று சொல்லிவிட்டு வெளியில் வந்தேன். வாசற்படி இறங்குவதற்குள் அவள் சொன்னதில் பாதி காற்றோடு போய்விட்டது. மிச்சப் பாதிக்குள் என் மூளை புகுந்துவிட்டது. பாலுக்கு வழி செய்தால் மாமி தானாக அடங்குவார், மாமி அடங்கினால் பிலோமினா நிம்மதியாக இருப்பாள். பாலுக்கு வழி என்ன? எங்கள் கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பால்சுறா. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை அவித்து உதிர்த்துச் சுண்டிக் கொடுத்தால் பால் பொங்கும் என்பார்கள். பிள்ளையின் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது என்றுதானே மிஸ்ஸி சொன்னார்? தாயின் வாயில் வைப்பதற்குத் தடையில்லையே! என்னுடைய கெட்டித்தனத்தை நினைத்து நானே மெச்சிக்கொண்டேன்.

நேரே துறைமுகத்துக்குப் போனேன். அங்கே மூட்டை தூக்குகிற விஞ்சு ஓட்டுகிறவர் காதர் நானா, கிண்ணியாக்காரர். (முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்.) அவருடைய குடும்பத்தில் பாதிப்பேர் கடலில் மீன் பிடிக்கிறவர்கள். மேலே ஏறி இருந்து மா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். விஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவனின் கதையே கேட்காது. நான் கீழே நின்று கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினேன். அவர் காதைக் காட்டினார். இன்னும் பலமாகக் கத்தினேன். காதர் நானா மரியாதை தெரிந்த மனிதர். தம்பி என்னவோ அவசரமாகச் சொல்கிறான் என்று விஞ்சை நிற்பாட்டினார். அதே நேரம் என் அடிவயிற்றிலிருந்து வெளிக்கிட்ட சத்தத்தை என்னால் நிற்பாட்ட முடியவில்லை.

"என்ர மனுசிக்குப் பால் இல்லை!"

கப்பல் கட்டுகிற ஜெற்றி முழுக்க அமைதி. மூட்டை சுமந்தவர்கள் மூட்டையோடு நின்றார்கள். கப்பலின் மேல்தட்டில் நின்ற, தமிழே தெரியாத ஒரு மாலுமிகூட என்னைப் பாவமாகப் பார்த்தான்.

காதர் நானா இறங்கி வந்து என் தோளில் கையை வைத்தார். "இதுக்கா தம்பி மொகம் செத்துப்போய் நிக்கிறீங்க? நம்ம ஆக்கள்ட்டச் சொல்றன். பால்சுறா கெடச்சா எங்க கொண்டு வாற?"

"ஆசுபத்திரிக்கே கொண்டு வாங்கோ நானா. நாளைக்கு ஆக்களைப் பாக்க விடுற நேரம். பிலோமினா எண்டு கேளுங்கோ."

பச்சை மீனை வைத்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறவள் என்ன செய்வாள் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. காதர் நானாவுக்கும் வரவில்லை. உதவி என்று வந்துவிட்டால் எங்கள் துறைமுகத்தில் ஒருவருக்கும் கேள்வி வராது.

அதோடு நின்றேனா? பின்னேரம் கோவிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், செபமாலை முடிவில், "பாலின்றித் துன்பப்படும் எங்கள் பங்கின் இளம் தாய் ஒருவருக்காக" என்று ஒரு அருள்நிறைந்த மரியே சேர்த்துக்கொண்டார். பெயர் சொல்லவில்லை. ஆனால் கோவிலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் முக்காட்டை விலக்கித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். (தலையாட்டாவிட்டால் ஆர் எண்டு தெரியாமல் போயிடுமே!)

அடுத்த நாள் விடிய சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன்பிடிக் கிராமமான சல்லிக்குப் போனேன். படகுகள் கரைக்கு வருகிற நேரம். எனக்குத் தெரிந்த வேலாயுதம் அண்ணை வலை உதறிக்கொண்டு நின்றார். அவரிடம் சங்கதியைச் சொன்னேன். அவர் கரை முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேய், துறைமுகத்துக் கிளாக்கின்ர மனுசிக்குப் பால் இல்லையாமடா, ஆற்றையும் வலையில பால்சுறா பட்டதோ?" என்று கூப்பிட்டார். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சுற்றி வந்துவிட்டார்கள். எத்தனையாம் பிள்ளை, என்ன சாப்பிடுகிறாள், மெலிந்த உடம்போ என்று கேள்விகள். நான் எல்லாவற்றுக்கும் விபரமாகப் பதில் சொன்னேன். அவளுடைய உடம்பைப் பற்றி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முன்பின் கண்டிராத ஆட்களுக்கு. இதை எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது.

கடைசியில் ஒரு சின்னச் சுறா கிடைத்தது. அதை ஓலையால் பின்னிய மீன் உமலில் போட்டுத் தந்தார்கள். வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இது காணாது தம்பி" என்றார் வேலாயுதம் அண்ணை. "என்ர மச்சான் இறக்கக்கண்டியில இருக்கிறார். அவருக்கும் ஆள் அனுப்புறன். நீங்கள் யோசியாமல் போங்கோ."

நான் யோசிக்காமல்தான் போனேன். அதுதானே என் வருத்தம்.

வீட்டுக்குப் போய் மாமியை மறிக்க வேண்டும் என்பது நிலாவெளி றோட்டில் வரும்போது ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் மாமி ஆசுபத்திரிக்குப் போய்விட்டார், பையோடு.

நான் வார்டுக்குள் நுழைந்தபோது வாசலில் மிஸ்ஸி இல்லை. பிரசவ அறையில் ஒருத்திக்கு அவசரமென்று போயிருந்தார். சோதனையில்லாமல் சுறா உள்ளே போனது. பிலோமினாவின் கட்டில் கடைசி ஜன்னலுக்குப் பக்கத்தில். சுற்றிவரத் திரை இழுத்திருந்தது. வெளியே கதிரையில் மாமி பையை மடியில் வைத்துக்கொண்டு, நேரம் வரட்டும் என்று காத்திருந்தார்.

திரையை விலக்கித் தலையை நீட்டினேன். பிலோமினா தலையணையில் சாய்ந்திருந்தாள். ஸ்டெல்லாவின் கன்னம் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. பிலோமினா விரலை உதட்டில் வைத்து, சத்தமில்லாமல், "வந்திட்டுது" என்றாள். அவளுடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தைக் கலியாணத்தன்றும் நான் காணவில்லை.

ஒரு நிமிசம் நில்லுங்கள். இந்த இடத்தில் சாதாரண மூளையுள்ள ஒருவன் என்ன செய்வான்? உமலை வெளியே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருப்பான். அவள் கேட்டதும் அதுதான். நான் உமலைத் தூக்கிக் காட்டி, "பால்சுறா!" என்றேன்.

அவளுடைய முகம் மாறியது. "இது எங்கால வந்தது?" என்றாள்.

நான் பதில் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. விஞ்சுக்கு மேலால் கதைத்துப் பழகிய ஒரு குரல் வார்டு வாசலில் கேட்டது.

"தாஸ் தம்பிட மனுசி, அந்தப் பால் இல்லாத புள்ள, எந்தக் கட்டில்ல இரிக்கி?"

வார்டிலிருந்த தாய்மார் எல்லாரும் கையை நீட்டினார்கள். காதர் நானா முன்னால் வர, பின்னால் ஜெற்றிப் பெடியள் இரண்டு பேர் சாக்கில் சுற்றிய ஒரு பெரிய சுறாவைக் காவிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பின்னால் வேலாயுதம் அண்ணையும் பெண்சாதியும், ஆளுக்கொரு சுறா. பிறகு, இறக்கக்கண்டியிலிருந்து அந்த வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த மச்சான். அவர் ஒழுங்கான மனிதர், உள்ளே வருமுன் செருப்பைக் கழற்றினார். பிறகு சுறாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் பின்னால் பாலையூற்றுக் கோவில் பெண்கள் சுறாப் புட்டுப் பெட்டியோடு. ஒவ்வொருவரும் வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள். பால் இல்லாத பிள்ளை எது? பால் இல்லாத பிள்ளை எங்கே?

நிலமெல்லாம் மீன் தண்ணீர். அடுத்த கட்டில்காரியின் மாமியார் எட்டிப் பார்க்க வந்து சறுக்கி, விழாமல் இருப்பதற்குப் பிடிக்க ஒன்றைத் தேடினார். கிடைத்தது எங்கள் திரை. திரை, தடி, கம்பி எல்லாம் சேர்ந்து கீழே வந்தது.

அத்தனை பேருக்கும் முன்னால், சட்டை திறந்தபடி, பிலோமினா.

எங்கள் துறைமுகத்து ஆண்கள் மானமுள்ளவர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் முகட்டைப் பார்த்தார்கள். இறக்கக்கண்டி மச்சான் சுறாவால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதைக் கண்டு ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வார்டு முழுக்கச் சிரித்தது. ஸ்டெல்லா முலையை விட்டுவிட்டு வீரிட்டுக் கத்தினாள். பிலோமினா சேலையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அவள் அழுவது முதுகில்தான் தெரிந்தது. பிள்ளையைத் திரும்ப அணைத்துப் பார்த்தாள், பிள்ளை வாயை வைக்கவில்லை. தலையை அங்காலும் இங்காலும் அடித்து இன்னும் கத்தியது.

"நான் சொன்னனான்தானே!" என்று மாமி எழும்பினார். பைக்குள்ளிருந்து ரின் வந்தது, போத்தல் வந்தது, சுடுதண்ணீர்ப் பிளாஸ்க் வந்தது. கரண்டியால் மூடியை நெம்பிக்கொண்டிருக்கும்போது பெரிய மிஸ்ஸி வந்து சேர்ந்தார்.

அவர் முதலில் மீனைப் பார்த்தார். பிறகு ஆட்களைப் பார்த்தார். "ஆற்றை மீன் இது?" என்றார்.

இவ்வளவு நேரமும் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

"ரின்னை மூடுங்கோ அம்மா" என்றார் மிஸ்ஸி, மாமியிடம்.

"ஏன் மூடவேணும்? பிள்ளை பசியில கத்துது! தாய்க்குப் பால் இல்லை எண்டு ஊரே சொல்லுது!"

"ஊருக்கு ஆர் சொன்னது?"

வார்டில் ஸ்டெல்லாவின் சத்தம் மட்டும். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று நினைத்தேன். நிலத்தில் சுறாதான் கிடந்தது.

"இவ்வளவு நேரமும் பிள்ளை குடிச்சது. நான் பாத்திட்டுத்தான் போனனான்" என்றார் மிஸ்ஸி. "இப்ப நீங்கள் போட்ட கூத்தில தாய் பதறிப்போய்க் கிடக்கிறா. ஒரு போத்தலை வைச்சால் பிள்ளை அதுக்குப் பழகும். பிறகு அவ குடுக்க நினைச்சாலும் ஏலாமல் போகும். எல்லாரும் வெளியில!"

பிலோமினா திரும்பாமலே ஒன்று சொன்னாள். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ." அன்று அவள் என்னோடு பேசியது அவ்வளவுதான்.

நான் மாமியின் கையைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல்தரம் அவருக்கு எதிராக ஒரு வேலை செய்தேன். ரின்னைப் பறித்தேன். வெளியே கூட்டிக்கொண்டு போய் ஜன்னலுக்குக் கீழே இருந்த வாங்கில் இருத்தி, பக்கத்தில் நானும் இருந்து, ரின்னை என் மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். மாமி என்னைத் திட்டத் தொடங்கினார். என் பரம்பரையில் தொடங்கி, உத்தியோகம், எண்ணெய்த் தலை, சைக்கிள் என்று ஒன்றையும் விடவில்லை. போகிற வருகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அதுவெல்லாம் கேட்கவில்லை. மேலே ஜன்னலால் வருகிற ஸ்டெல்லாவின் அழுகைதான் கேட்டது. நிற்கவேயில்லை. ஐயோ, உண்மையாகவே பால் வற்றிப்போயிற்றோ, இருந்த பாலை நானே வற்றப் பண்ணினேனோ என்று ரின்னை இன்னும் இறுக்கிப் பொத்தினேன். மாதாவே, பிள்ளை குடிக்கவேண்டும், இனி என் வாயைத் தைத்துவிடுகிறேன் என்று நேர்ந்தேன். (தைக்கவில்லை. அது மாதாவுக்கும் தெரியும்.)

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. மாமியும் திட்டை நிற்பாட்டினார்.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை?"

மிஸ்ஸியின் முகம் ஜன்னலில் தெரிந்தது. "குடிக்குது" என்றார். "ஒருத்தரும் உள்ள வரவேண்டாம்."

நான் ரின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். களிசான் போட்ட அரசாங்க உத்தியோகத்தன், ரின்னில் சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் குழந்தையின் தலையில் கண்ணீர் வடித்தேன். மாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "விசரன்" என்று சொல்லி, முகத்தைத் துடைக்கத் தன் முந்தானையைத் தந்தார்.

சுறாக்களை மிஸ்ஸி ஆசுபத்திரிக் குசினிக்கு அனுப்பிவிட்டார். அடுத்த நாள் எல்லா வார்டுக்கும் சுறாக்கறி. காலுடைந்து கிடந்த ஆண்களும் இரண்டு நேரம் பால்சுறா சாப்பிட்டார்கள். அவர்களில் எங்கள் ஜெற்றிக்காரர் ஒருவரும் இருந்தார். அவர் வேலைக்குத் திரும்பி வந்த நாளில் சட்டைப் பொத்தானைத் திறந்து காட்டி, "தாஸ், இன்னும் ஒண்டும் வரேல்லை" என்றார். ஜெற்றியே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் இளைப்பாறும் வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை. "பால் வந்திட்டுதோ தாஸ்?" என்பதுதான் துறைமுகத்தில் எனக்குக் காலை வணக்கம். ஸ்டெல்லாவைப் பள்ளிக்கூடத்தில் சுறாக்குட்டி என்று கூப்பிட்டார்கள். வேலாயுதம் அண்ணை அவளுடைய கலியாணத்துக்கு வந்து, தான் கொண்டுவந்த சுறாவால்தான் இந்தப் பொம்பிளை இப்படி வளர்ந்தாள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கம் சொன்னார். இரண்டாவது பிள்ளைக்கு நோவு எடுத்தபோது பிலோமினா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தாயோடு ஆசுபத்திரிக்குப் போய்விட்டாள். பிள்ளை பிறந்து, குடித்து, நித்திரையான பிறகுதான் எனக்கு ஆள் வந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தச் சங்கதியும் எனக்குக் கடைசியாகத்தான் தெரியும். ஸ்டெல்லாவின் காதலே கோவிலில் கலியாண ஓலை வாசித்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளும் சொல்வார்கள், இறக்கக்கண்டி மச்சான் மாதிரி தலையணையால் முகத்தை மறைத்து நடித்துக் காட்டுவார்கள். பிலோமினா மட்டும் அந்த நேரம் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள். வேலை இருக்கிறதாக்கும் என்று இவ்வளவு காலமும் நினைத்தேன்.

போன கிழமை நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அச்சில வருமோ?"

"ஓம்."

"கன ஆக்கள் வாசிப்பினமோ?"

"வாசிப்பினம் எண்டுதான் நினைக்கிறன்."

"அண்டைக்கு இந்தக் கதை இறக்கக்கண்டி வரைக்கும்தான் போனது" என்றாள்.

நான் பேனையை மூடி வைத்தேன். "கிழிச்சுப் போடவோ?" என்றேன்.

"வேண்டாம். எழுதினதை எழுதுங்கோ. எனக்குப் பால் இல்லை எண்டு நீங்கள் எல்லாருக்கும் சொன்னியள். இருந்தது எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதையும் எழுதுங்கோ."

உண்மைதான். இல்லை என்று சொல்ல ஜெற்றிக்கும் கோவிலுக்கும் சல்லிக்கும் ஓடினவன், இருக்கிறது என்று சொல்ல அடுத்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை. காதர் நானா மௌத்தாகிவிட்டார். வேலாயுதம் அண்ணையும் இல்லை. தங்கள் சுறாவால்தான் எங்கள் பிள்ளை பிழைத்தது என்று நம்பிக்கொண்டே போய்விட்டார்கள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். பிலோமினாவுக்குப் பால் இருந்தது. முதல் நாளே இருந்தது.